அச்சு அசல் அதே கார்

முகம்மது மீரான் சார்ஜாவிலிருந்து மூன்று மாத விடுப்பில் தென்காசிக்கு வந்தது 1986 ஆனி மாதம். கூடவே மூன்று பெட்டிகள் வந்தன. துணிமணியும் சோப்பும் தைலமும் இருந்த இரண்டை டாக்சியின் மேலே போட்டுக் கட்டச் சொல்லிவிட்டு, மூன்றாவதைத் திருவனந்தபுரத்திலிருந்து வீட்டு வாசல்வரை மடியிலேயே வைத்திருந்தான். ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி வளையும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். செங்கோட்டையில் டீ குடிக்க இறங்கியபோதும் பெட்டியோடுதான் இறங்கினான்.

அதற்குள் இருந்தது டிவியில் செருகி ஆடும் வீடியோ கேம். அதற்கென்று ஒரே ஒரு கேசட். கார் ரேஸ்.

மீரான் சார்ஜாவில் ஏசி மாட்டும் கம்பெனியில் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா முடிந்ததும் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் படுத்துத் தூங்குவார்கள்; இவன் மட்டும் துபாய்க்குக் கிளம்பிவிடுவான். அங்கே ஒரு விளையாட்டுக் கூடத்தில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற கார் ரேஸ் பெட்டி இருந்தது. நிஜமான ஸ்டீயரிங், காலுக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும், கைக்கு கியர். திரையில் சாலை விரிந்து வரும். தூரத்தில் பனி மூடிய மலை தெரியும். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாத மீரான் அதில் இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் கார் ஓட்டினான். மனைவி பாத்திமுத்துவுக்கு எழுதிய கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். 'இன்றைக்கு நாலாவதாக வந்தேன். கடைசி வளைவில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய் இன்னொருவன் மேல் மோதித் தீப்பிடித்துவிட்டது' என்று எழுதினான். பாத்திமுத்து பதறிப்போய், 'உங்களுக்கு அடி உண்டா? காருக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார்?' என்று பதில் போட்டாள். அது விளையாட்டுதான் என்று புரியவைக்க அவனுக்கு இன்னும் இரண்டு கடிதங்கள் பிடித்தன.

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான். மேலே, விளையாட்டுக் கூடத்துப் பெட்டியில் இருந்த அதே பெயர். கீழே சிவப்புக் கார், சக்கரத்தில் தீப்பொறி, பின்னால் பனிமலை. மீரான் உள்ளே போய்க் கேட்டான். கடைக்காரர் மலையாளி. "சேம் கேம் தன்னே" என்றார். மீரான் வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டில், போன தடவை அவன் கொண்டுவந்த கலர் டிவி இருந்தது. வி.சி.ஆரில் படம் பார்க்கத்தான் அது. மற்ற நேரங்களில் பூப்போட்ட உறைக்குள் இருக்கும். வந்த மறுநாளே மீரான் உறையை உருவிவிட்டு வயரைச் செருகினான். தெருவில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தும் திரையில் புள்ளி புள்ளியாக மழைதான் பெய்தது. கடைசியில் வாஞ்சிநாதனுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

வாஞ்சிநாதன் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மாசி வீதியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். தனக்குத் தெரியாத மெஷின் தென்காசி தாலுகாவுக்குள் நுழையக்கூடாது என்று நினைப்பவன். வந்தான், டிவியின் பின்பக்கம் போனான், எதையோ திருகினான். திரை தெளிந்தது.

பச்சையாக ஒரு தரை. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. பட்டையின் அடியில் கட்டங் கட்டமாக ஏதோ ஒன்று நின்றது.

"காரு எதுலே?" என்றான் வாஞ்சிநாதன்.

"அந்தா, கீழ நிக்குதுல்லா, அதான்."

"அதா? நான் தீப்பெட்டின்னுல்லா நெனச்சேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மீரானுக்கு முகம் சிவந்தது. அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "படத்தப் பாருலே. ஆளு உக்காந்து ஓட்டுத பெரிய பெட்டி துபாய்ல இருக்கு. அச்சு அசல் அதேதான் இது. சைசுதான் சின்னது."

"யாருகிட்ட கதை விடுத? அந்தப் பெரிய பெட்டி இங்கன ஐந்தருவில பேச்சித்தாய் அக்கா கடையில நிக்குது. போன சீசன்லேருந்து அதுக்கு ரிப்பேரு பாக்குதவன் நான்."

அது உண்மைதான். வடகரைக்காரியான பேச்சித்தாய் சாரல் சீசனில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் சிப்ஸும் பலாச்சுளையும் விற்பவள். அவள் தம்பி மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். ஹோட்டல்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கார் ரேஸ் பெட்டியை அவன் மெத்தை சுற்றி லாரியில் ஏற்றி அக்காவுக்கு அனுப்பியிருந்தான். பெயர் அதே பெயர்தான். வாஞ்சிநாதன் எழுத்துக்கூட்டிச் சொன்னான்.

"அதுல ரோட்டோரம் போர்டு வரும். தண்ணி தேங்கிக் கெடக்கும், ஏறினா வழுக்கும். காருக்குள்ள டிரைவர் தலை தெரியும். இதுல என்ன இருக்கு? மலையக்கூடக் காணும்."

"மலை இருக்கு."

"எங்க?"

மீரான் திரையின் மேல்பக்கம் வெளிறித் தெரிந்த ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினான்.

"லே, அது கண்ணாடில ஒங்க வீட்டு டியூப் லைட் தெரியுது."

டியூப் லைட்டை அணைத்தார்கள். மேடு அங்கேயே இருந்தது. அன்றைக்கு மீரானுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

வாக்குவாதம் இரண்டு சுற்று டீயையும் தாண்டிப் போனது. முடிவில் பந்தயம் கட்டினார்கள். இரண்டும் ஒரே ஆட்டம்தான் என்று நிரூபித்தால் மீரானுக்கு வெற்றி, இல்லையென்றால் வாஞ்சிநாதனுக்கு. தோற்றவன் ஐந்தருவியில், சீசன் கூட்டத்துக்கு நடுவே, ஜெயித்தவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். அங்கே காசுக்குத் தேய்த்துவிடுகிற ஆட்கள் எப்படித் தேய்ப்பார்களோ அப்படி, தட்டிப் பிசைந்து.

மறுநாளிலிருந்து இருவரும் வேலையை விட்டுவிட்டு இதே வேலையாக இருந்தார்கள். மீரான் மத்தியானம் சாப்பிட்டதும் பஸ் பிடித்து ஐந்தருவிக்குப் போவான். பேச்சித்தாய் கடையில் யார் யாரோ ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்ப்பான். அங்கே இருப்பது எதெல்லாம் தன் வீட்டிலும் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வான். முதல் சுற்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால்தான் ரேஸுக்குள் விடும், இரண்டிலும் அப்படித்தான். கியர் இரண்டு, இரண்டிலும் இரண்டு. மோதினால் வெடிக்கும், இரண்டிலும் வெடிக்கும். வாஞ்சிநாதன் காலையில் மீரான் வீட்டுக்கு வந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, எதெல்லாம் இல்லை என்று சொல்வான். வெடித்தால் பெரிய பெட்டியில் சக்கரம் தனியாகப் பறக்கும். இதில் வெறும் சிவப்புப் புள்ளிகள். பெரிய பெட்டியில் எட்டு கார் சேர்ந்து புறப்படும். இதில் ஒன்று போனபிறகுதான் இன்னொன்று.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் வரும்னா அது ரேஸ் இல்லலே, ரேஷன் கடை."

"ஒனக்குப் பொறாமை."

"ஒனக்குக் கண்ணுல கோளாறு."

பாத்திமுத்து அடுப்படியிலிருந்து இருவருக்கும் டீ கொண்டுவந்து வைப்பாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மசூது அண்ணாச்சியைப் பிடித்தார்கள். தென்காசி செங்கோட்டை ரூட்டில் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். ஒரு ஆட்டுக்குட்டிமேல்கூட இடித்ததில்லை. "வண்டி சம்பந்தப்பட்ட விஷயம்னா நான் வாரேன்" என்று அவர் ஒத்துக்கொண்டார். "ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் நியாயம் சொல்ல முடியும். ஒண்ண வீட்டுலயும் ஒண்ண அருவிலயும் வச்சுக்கிட்டு நான் எங்கனு போவேன்?"

பெரிய பெட்டியை நான்கு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. ஆகவே டிவியை ஐந்தருவிக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

மசூதுவுக்கு ஓய்வுநாளான புதன்கிழமை ஒரு அம்பாசிடர் ஏற்பாடு செய்தார்கள். அவரே ஓட்டினார். முன்னால் வாஞ்சிநாதன், மடியில் ஸ்டெபிலைசர். பின்னால் ஒரு ஓரம் மீரான், மறு ஓரம் பாத்திமுத்து, நடுவில் சேலை சுற்றிய டிவி. சீசனுக்கு வந்து ஒரு தடவைகூட அருவிக்குக் கூட்டிப்போகவில்லை என்று பாத்திமுத்து சொன்னதால் அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். குளிக்க மாற்றுத்துணியும், நான்கு பேருக்குப் புளிச்சோறும் அவள் கையில் இருந்தன. வழிநெடுகச் சாரல். மசூது இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. மாட்டுவண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனதாக வாஞ்சிநாதன் பிற்பாடு ஊரில் சொன்னது மட்டும் பொய்.

பேச்சித்தாய் கடைக்கு மேலே தார்ப்பாய். ஒரு பக்கம் வாணலியில் சிப்ஸ், மறு பக்கம் கார் ரேஸ் பெட்டி. அவள் அந்தப் பெட்டியை ஒரு நாளும் ஆடிப் பார்த்ததில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேந்திரங்காய் சீவுவாள். ஆனால் இரண்டு சீசனாகக் கேட்டுக் கேட்டு, சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவனின் சங்கதியைச் சொல்லிவிடுவாள். "இப்ப முட்டுவான்" என்பாள், முட்டிக்கொள்வான்.

பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் பழக்கூடைகளை அடுக்கி அதன்மேல் டிவியை வைத்தார்கள். வாஞ்சிநாதன் வயரை மாட்டி சுவிட்சைப் போட்டதும் கடைக் குண்டு பல்பு மங்கி மிளகாய்ப்பழ நிறத்துக்கு வந்தது. வோல்டேஜ் இறங்கியதில் பெரிய பெட்டியில் மலை சுருங்கி ஒரு தேங்காய் அளவானது.

"இப்ப ரெண்டு மலையும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றான் மீரான்.

வாஞ்சிநாதன் ஸ்டெபிலைசரை வைத்து மலையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தான். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தவர்கள், எண்ணெய் வழிய இனிமேல்தான் குளிக்கப் போகிறவர்கள், துண்டோடு நின்ற ஒரு மதுரைக் குடும்பம். எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவர்களும் கட்சி பிரிந்தார்கள்.

முதலில் மசூது பெரிய பெட்டியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை மேலே நீட்டினார். கண்ணாடி இல்லை. கார் புறப்பட்டது. அவர் இடதுபுறமாக ஒதுங்கியே போனார். முன்னால் ஒரு கார் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"முந்துங்க அண்ணாச்சி!"

"வளைவுல எப்பிடிவே முந்த முடியும்? ஹாரன் எங்க இருக்கு?"

"ஹாரன் கெடையாது."

"ஹாரன் இல்லாத வண்டிய ரோட்டுல விட்டவன் யாரு?"

முதல் சுற்று பாதி முடிவதற்குள் நேரம் தீர்ந்து ஆட்டம் நின்றுவிட்டது. "மோதலையே, பாத்தியளா" என்று அவர் திருப்தியோடு இறங்கினார்.

அடுத்தது சின்னப் பெட்டி. குச்சி போன்ற கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார்கள். அதில் ஆக்சிலேட்டரே கிடையாது; ஆட்டம் தொடங்கியதும் கார் தானாகவே ஓடும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பிரேக். கார் தானாக நகர்ந்ததும் மசூது மிரண்டுபோனார். "ஏ, வண்டி உருளுது! கல்லு வைங்க, கல்லு!" என்று பொத்தானை அமுக்கியவர் கடைசிவரை அதிலிருந்து விரலை எடுக்கவில்லை. தீப்பெட்டி புறப்பட்ட இடத்திலேயே நின்று பார்க்கிங் செய்துவிட்டது.

அப்போது பேச்சித்தாய் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அந்தச் சின்னதுல கொசு எதுவும் மாட்டிக்கிட்டா?"

"அது இஞ்சின் சத்தம்க்கா" என்றான் மீரான்.

"நம்ம பெட்டி கர்ருனு உறுமுது. இது ஙொய்ங்குது. எந்த ஊர்ல காரு ஙொய்ங்குது?"

வாஞ்சிநாதன் கட்சி கைதட்டியது. மதுரைக்காரர் ஒருவர், "தீர்ப்பு வந்தாச்சு" என்றார். மீரான் விடவில்லை. டிவியின் ஸ்பீக்கர் சின்னது, சத்தத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றான். அப்படியென்றால் மலையையும் எடுக்கக்கூடாது, காரையும் எடுக்கக்கூடாது, எதைத்தான் எடுப்பது என்றான் வாஞ்சிநாதன். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மசூது கையை உயர்த்தினார். நெடுநேரம் யோசித்திருந்தார்போல.

"இங்க பாருங்க. நான் புது டிரைவரப் பழக்கினவன். ஒரு பஸ்ல பழகுனவன் கையில இன்னொரு பஸ்ஸக் குடுத்தா ஓட்டுவான். ஏன்னா ரெண்டும் பஸ்ஸு. அதே ஆளுகிட்ட புல்டோசரக் குடுத்தா முழிப்பான். அப்ப ஒண்ணு செய்வோம். சின்னப் பெட்டில மட்டும் பழகின ஆளு, பெரிய பெட்டியத் தொட்டே பாக்காத ஆளு, ஒருத்தரக் கொண்டாங்க. மூணு ஆட்டம் குடுப்போம். முத சுத்து தாண்டி ரேஸுக்குள்ள போயிட்டா ரெண்டும் ஒண்ணு. போகலைன்னா வேற வேற."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அப்படிப்பட்ட ஆள் யார்? மீரான் துபாயில் பெரியதை ஓட்டியவன். வாஞ்சிநாதன் இங்கே ஓட்டியவன். தெருவில் மற்ற யாரையும் மீரான் சின்னப் பெட்டியைத் தொடவே விட்டதில்லை.

"நான் ஓட்டுதேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பாத்திமுத்து புளிச்சோற்றுத் தூக்கை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஒனக்கு அது ஆடத் தெரியுமா?" என்றான் மீரான்.

"மத்தியானம் நீங்க பெரிய பெட்டியப் பாக்க இங்க வந்துருதிய. சின்னப் பெட்டி சும்மாத்தானே கெடக்கு."

இத்தனை பேர் முன்னால் மனைவி உட்கார்ந்து கார் ஓட்டுவதா என்று மீரான் ஒரு கணம் தயங்கினான். பிறகு வாஞ்சிநாதனின் முதுகையும் அதில் தான் எண்ணெய் தேய்ப்பதையும் நினைத்துப் பார்த்தான். "உக்காரு" என்றான்.

பாத்திமுத்து முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. எல்லாக் காரும் போய்விட்டன. அவள் கார் மட்டும் நின்றது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தாள்.

"இது ரிப்பேரா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"கால அழுத்தணும்மா!" என்று மசூது அலறினார். "இதுல தானா ஓடாது!"

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. வாஞ்சிநாதன் எண்ணெய்க் கடை எங்கே இருக்கிறது என்று உரக்க விசாரித்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் கார் கிளம்பியது. ஆனால் சின்னப் பெட்டிக் குச்சியை வெட்டுவதுபோலவே அவள் ஸ்டீயரிங்கை வெட்டினாள். கார் சாலையை விட்டு விலகி நேரே போர்டு ஒன்றில் மோதி வெடித்தது. சக்கரம் தனியாகப் பறந்தது. "பாத்தியா, சக்கரம்!" என்றான் வாஞ்சிநாதன், ஏதோ அவன் கழற்றிவிட்டதுபோல. அவள் மறுபடி கிளப்பி, மறுபடி மோதினாள். பேச்சித்தாய், "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் பாத்திமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலை ஆக்சிலேட்டரில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்களிடம், "கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். மீரான் உட்பட எல்லாரும் வாயை மூடினார்கள்.

கார் போனது. முதல் வளைவில் அவள் திருப்பவேயில்லை என்று மீரானுக்குத் தோன்றியது, ஆனால் திரும்பியது. முன்னால் ஒரு கார், அதைத் தாண்டினாள். இன்னொன்று வருவதற்கு முன்பே அவள் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டாள், வரப்போவது தெரிந்தவள்போல. நீண்ட நேர்ச்சாலை, பிறகு ஒரு கொண்டை வளைவு. காலை எடுத்தாள், கியரைக் கீழே தட்டினாள், மறுபடி அழுத்தினாள். தண்ணீர்க் குட்டையை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை, கார் வழுக்கியது, "அம்மாடி" என்று ஒரு தடவை சத்தம் போட்டாள், சமாளித்துவிட்டாள்.

பேச்சித்தாய் வாணலியிலிருந்து கரண்டியை எடுத்தபடி முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "யாரு இது? சத்தம் நூல் பிடிச்சாப்ல வருதே."

நேரம் முடிய நான்கு விநாடி இருக்கும்போது முதல் சுற்று முடிந்தது. பெட்டி அவளை ரேஸுக்குள் எடுத்துக்கொண்டது. கூட்டம் போட்ட சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்கவில்லை. மதுரைக் குடும்பத்துப் பெண்கள் பாத்திமுத்துவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். மசூது கையை உயர்த்தி, "ரெண்டும் ஒண்ணு! கை பேசிட்டு!" என்றார். மீரான் சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டான். வாஞ்சிநாதன் மூஞ்சி செத்துப்போய் நின்றான்.

பாத்திமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள்.

மீரானின் கை மூன்றாவது பொத்தானில் நின்றது. "என்னட்டி சொல்லுத?"

"கேட்டியள்னா சொல்லுதேன். வீட்டுல இருக்கதுல வளைவுல ரோடுதான் நெளியும், காரு நின்ன இடத்துல நிக்கும். சும்மா லேசாத் தள்ளிவிட்டாப் போதும். இங்க வளைவுல காரு வெளிய இழுக்குது. வயித்துக்குள்ளகூட இழுக்குத மாதிரி இருக்கு. அங்க விரலுக்குத்தான் வேலை, இங்க காலு, கை, கண்ணு எல்லாத்துக்கும் வேலை. அது வேற, இது வேற."

வாஞ்சிநாதன் உயிர்பெற்று ஒரு குதி குதித்தான். "கேட்டியாலே! ஒம் பொண்டாட்டியே சொல்லுதா!"

"அப்ப எப்பிடிம்மா ஓட்டின?" என்றார் மசூது. அவருடைய தீர்ப்புக்கு ஆபத்து வந்ததில் அவருக்கு வருத்தம்.

"அதான் அண்ணாச்சி, ரோடு அதே ரோடு. மொத வளைவு வலது, பெறவு நீட்டமா நேரு, பெறவு கொண்டை வளைவு. எங்க எந்த வளைவு வரும்னு எனக்கு மனப்பாடம். முன்னால போற காரு எல்லாம்கூட அதே வரிசையில வருது. இதச் செஞ்சவன் மலைய மேடாக்கிட்டான், போர்ட விட்டுட்டான், காரையும் தீப்பெட்டி ஆக்கிட்டான். ஆனா ரோட்ட மட்டும் விடல. அவனுக்கு இருந்த இடம் அவ்வளவுதான் போல. எதப் பிடிச்சுக்கணுமோ அதப் பிடிச்சுக்கிட்டான்."

ஒரு வாரமாக இரண்டு பேர் இரவு பகலாகப் பார்த்துப் பார்த்து, போர்டையும் சக்கரத்தையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாலையை இருவருமே பார்த்திருக்கவில்லை.

மசூதுதான் முதலில் தலையாட்டினார். "சரியாச் சொன்ன. இந்த ஐந்தருவி ரோட்டுல நான் பஸ்ஸுல வந்தாலும் சைக்கிள்ல வந்தாலும் ரோடு ஒண்ணுதான். ஆனா பஸ்ஸும் சைக்கிளும் ஒண்ணுன்னு சொன்னா என் லைசென்ஸப் பிடுங்கிருவான்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைத் திருத்தினார். ரோடு ஒன்று என்பதால் பாதி மீரானுக்கு வெற்றி. வண்டி வேறு என்பதால் பாதி வாஞ்சிநாதனுக்கு. ஆகையால் ஆளுக்குப் பாதி உடம்பு.

அன்று மத்தியானம் ஐந்தருவியில் குளித்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் வாஞ்சிநாதன் மீரானுக்கு வலது பக்கம் மட்டும் தேய்த்தான். பிறகு மீரான் வாஞ்சிநாதனுக்கு இடது பக்கம். தலையின் நடு வகிட்டில் எல்லை போட்டு மசூது காவலுக்கு நின்றார். தேய்த்துவிடுவதையே தொழிலாகச் செய்பவர்கள் பாறையில் குந்தி உட்கார்ந்து, "அழுத்திப் பிடிங்க", "அது தோசை இல்ல, முதுகு" என்று யோசனை சொன்னார்கள். பெரிய பெட்டியில் வளைவு இழுத்ததோ இல்லையோ, பாதி எண்ணெயோடு நடந்த இருவரும் பாறையில் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கினார்கள்.

திரும்பும்போது வாஞ்சிநாதன் முன்சீட்டில் தூங்கிவிட்டான். பின்னால் டிவிக்கு இரண்டு பக்கமும் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். இலஞ்சி தாண்டியதும் மீரான் டிவியின் சேலையை இழுத்துச் சரிசெய்தான்.

"அத்தனை பேரு முன்னால என்னய விட்டுக் குடுத்துட்டியே" என்றான்.

"பொய் சொல்லச் சொல்லுதியளா?"

"அதுக்கில்ல. அங்க நான் பாத்தத நீயும் அப்படியே பாக்கணும்னுதான் வாங்கினேன். கடைக்காரன் சேம் கேம்னான்."

"ரெண்டு வருசமா நீங்க கடுதாசில எழுதினியல்லா, வளைவுல காரு இழுக்கும், வளைவுல இழுக்கும்னு. எனக்கு அது என்னன்னே புரியாது. வீட்டுப் பெட்டியில ஆடிப் பாத்தும் புரியல. இன்னைக்கு இழுத்துது. இதத்தானா எழுதினாரு மனுசன்னு நெனச்சேன்." அவள் டிவிக்கு மேலாக அவன் பக்கம் பார்த்தாள். "வீட்டுல ரோட்டப் படிச்சதுனாலதான் இங்க அதப் பாக்க முடிஞ்சுது. இல்லாட்டி மூணு ஆட்டமும் போர்டுலதான் முட்டியிருப்பேன்."

மீரான் வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "சின்னதுல நீ எவ்வளவு எடுத்திருக்க?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"உங்களவிடக் கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

"ஒரு மடங்கு."

முன்சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வாஞ்சிநாதன் தூங்கியிருக்கவில்லை.

மீதமிருந்த விடுப்பில் வாரம் இரண்டு தடவை மீரான் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். அவள் ஓட்டுவாள், அவன் பின்னால் நின்று சிப்ஸ் தின்பான். "வலது, வலது" என்று சொல்லப் போய் இரண்டு தடவை திட்டு வாங்கியபின் அதையும் நிறுத்திவிட்டான். ஆவணியில் சார்ஜாவுக்குத் திரும்பினான்.

அடுத்த ஆண்டு முதல் புதுப்புதுப் பெட்டிகள் சார்ஜா கடைகளுக்கு வரத் தொடங்கின. அதே கார் ரேஸை நாலைந்து கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கென்று செய்து விற்றார்கள். மீரான் ஊருக்குப் போகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினான். பாத்திமுத்து ஆடிப் பார்த்துவிட்டு நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவாள். 'இதில் சத்தம் நன்றாக உள்ளது. ஆனால் கார் வெண்ணெயில் போகிறது.' 'இது பரவாயில்லை. வளைவில் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் ஒரு நொடி பிந்தி இழுக்கிறது.' வெள்ளிக்கிழமை அறையில் மீரான் அதை உரக்கப் படிப்பான். முதலில் சிரித்தவர்கள் பிறகு, வீட்டுக்கு எதை வாங்கலாம் என்று அவளிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள்.

எண்பத்தெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜப்பான் பெட்டி ஒன்றைப் பற்றி அவள் எழுதிய கடிதத்தை மீரான் படித்துக்கொண்டிருந்தான். 'மலை வந்துவிட்டது, பனியோடு. போர்டு உண்டு, தண்ணீர் உண்டு, டிரைவர் தலைகூடத் தெரிகிறது. பார்க்க ரொம்ப அழகு. ரோடுதான் வேறு யாருடையதோ. யாருக்கும் வாங்க வேண்டாம்.'

அறையில் மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தவன் கடையநல்லூர் காஜா. மைத்துனனுக்கு நிக்காஹ் பரிசாக அதே பெட்டியைத்தான் வாங்கியிருந்தான். சூட்கேஸைப் பூட்டி, கயிறு சுற்றி, பெயர் எழுதி வைத்தாகிவிட்டது. அவன் கட்டிலுக்கடியில் குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.